கத்தரி காய்க்கவில்லையா? ஆவாரை வையுங்கள்

மாடியில் கத்தரி பூத்துத் தள்ளுகிறது, காய் மட்டும் பிடிக்கவில்லையா? உரத்தைக் கூட்டுவதற்கு முன், காலையில் வண்டு வருகிறதா என்று பாருங்கள். கத்தரிப் பூவின் மகரந்தப் பை மூடியே இருக்கும். நுனியில் சின்னத் துளைதான். பூவை இறுகப் பிடித்துக்கொண்டு ரீங்காரத்தோடு உடம்பை அதிரவைத்தால்தான் மகரந்தம் நன்றாகக் கொட்டும். மரம் துளைக்கும் கருவண்டுக்கும் நீலப்பட்டைத் தேனீக்கும் அந்த வித்தை தெரியும். பெட்டியில் வளர்க்கும் தேனீக்குத் தெரியாது.

ஆவாரம்பூவும் இதே வகைதான். நல்ல வெயிலில், பெரிய தொட்டியில் ஓர் ஆவாரை வைத்தால் கருவண்டும் நீலப்பட்டைத் தேனீயும் தேடி வரும். காய்ந்த மூங்கில் துண்டு ஒன்றை மூலையில் போட்டு வைத்தால் கருவண்டு அதிலேயே குடியேறவும் கூடும். துளசியை ஒரு தொட்டியிலாவது கிள்ளாமல் பூக்க விடுங்கள், கொசுத்தேனீக்குக் கொண்டாட்டம். தும்பையைக் களை என்று பிடுங்காதீர்கள்.

கறிவேப்பிலையில் பறவை எச்சம் மாதிரி ஒட்டியிருப்பது பெரும்பாலும் பட்டாம்பூச்சிப் புழு. நாலு இலை போனால் போகட்டுமே! வேப்பெண்ணெய்க் கரைசல் அடித்தே ஆக வேண்டுமென்றால், பூவில் படாமல், பொழுது சாய்ந்த பிறகு அடியுங்கள்.