மலைக்கு ஸ்னோமொபைல்: 600 போதுமா, 850 வேண்டுமா?

அமெரிக்காவின் கொலராடோவில், டென்வர் பக்கம் முதல் ஸ்லெட் (பனியில் ஓடும் ஸ்னோமொபைல்தான்) வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி இது. 600, 850 என்பவை இன்ஜினின் சி.சி. அளவுகள். நான் பழைய 600 ஒன்றை வாங்கி, ஒரு மாதம் அதைத் திட்டித் தீர்த்து, விற்றுவிட்டு 850 எடுக்கப் போய், கடைசி நேரத்தில் தப்பித்தவன். அந்தக் கதை மூன்றாவது படியில் வருகிறது. டிரெய்லரில் ஏற்றுவது, சாவி போடுவது எல்லாம் உங்களுக்கே தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்களுக்கு வேறு கணக்கு. இது இன்ஜெக்‌ஷன் (பெட்ரோலைக் கணினி அளந்து தெளிக்கும்) வண்டிகளுக்கு மட்டும்.

படி 1: ஓட்டப்போகும் உயரத்தைக் கணக்கிடுங்கள்

விளம்பரத்தாளில் இருக்கும் குதிரைத்திறன் (எச்.பி.) கடல்மட்டத்துக்கானது. ஆயிரம் அடி ஏறினால் ஏறத்தாழ 3 சதவீதம் கழன்றுவிடும். மேலே காற்று மெலிவதால் இன்ஜின் எரிக்கிற பெட்ரோலும் குறைகிறது.

ஸ்கி-டூ வண்டிகளில் வரும் ரோட்டாக்ஸ் இன்ஜின்களில் 600ஆர் இ-டெக் 125 எச்.பி., 850 இ-டெக் 165 எச்.பி. என்று வைத்துக்கொள்ளுங்கள். கொலராடோவின் வெய்ல் பாஸ் என்ற மலைக்கணவாய் 10,600 அடிக்கு மேல். அங்கே 600-இல் மிஞ்சுவது சுமார் 85, 850-இல் சுமார் 112. அதாவது வெய்ல் பாஸில் நிற்கும் 850, கடலோரத்தில் நிற்கும் 600-ஐவிட பலம் குறைந்தது! அதே 600-ஐக் கனடாவின் ரெவல்ஸ்டோக் பக்கம் 6,500 அடியில் ஓட்டினால் நூறு எச்.பி. கிடைக்கும். அதனால் கனடாக்காரர் ஒருவர் "600 தாராளம்" என்று சொல்லும் வீடியோவைப் பார்த்துவிட்டு கொலராடோவில் வாங்காதீர்கள். அவர் சொல்வது அவர் மலைக்குச் சரி.

படி 2: உங்கள் எடை, டிராக்கின் (வண்டிக்கு அடியில் சுழலும் ரப்பர் பட்டை) நீளம்

600 என்றால் லேசான வண்டி என்று நானும் நினைத்திருந்தேன். ஒரே சேஸியில் வரும் 600-க்கும் 850-க்கும் எடையில் பெரிய வித்தியாசம் கிடையாது. இரண்டுமே பெட்ரோல் இல்லாமல் 200 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். வித்தியாசம் த்ராட்டிலை (வேகம் கூட்டும் நெம்பு) அழுத்தும் கட்டைவிரலில் தெரியும். 850-இல் த்ராட்டிலைக் கொஞ்சம் பதறி அழுத்தினால் போதும், டிராக் கீழே குழி தோண்டி வண்டியைப் புதைத்துவிடும். மரங்களுக்கு நடுவே இடுப்பளவு பனியில் புதைந்த ஸ்லெட்டைத் தனியாளாக இழுத்துப் பாருங்கள், குதிரைத்திறன் ஆசையே போய்விடும்.

என் கட்சி: நீங்கள் 90 கிலோவுக்குள் இருந்தால், முதல் இரண்டு குளிர்காலத்துக்கு 600, கூடவே 146 அல்லது 154 அங்குல டிராக். 600-இல் 165 அங்குல டிராக் மாட்டுவது சைக்கிளில் மூட்டை ஏற்றுவது மாதிரி. ஆள் கனமென்றால், அல்லது எப்போதும் பத்தாயிரம் அடிக்கு மேல்தான் ஓட்டுவீர்கள் என்றால், 850-க்கே போய்விடுங்கள்.

படி 3: வண்டியைக் குறை சொல்லும் முன் ஆர்.பி.எம். (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றுகள்) பாருங்கள்

நான் சறுக்கியது இங்கேதான். என் வண்டி மினசோட்டாவிலிருந்து வந்தது, அதாவது சமவெளியில் ஓடியது. ராபிட் இயர்ஸ் பாஸில் (9,426 அடி) முழு த்ராட்டில் அழுத்தியும் மேடு ஏறும்போது மூச்சு வாங்கியது. "600-க்கு இவ்வளவுதான்" என்று முடிவுகட்டி விற்பனைக்குப் படம்கூட எடுத்துவிட்டேன். பக்கத்தில் நின்ற ஒரு மெக்கானிக் ஒரே கேள்வி கேட்டார்: "மேலே போகும்போது எத்தனை ஆர்.பி.எம். காட்டுது?" நான் பார்த்ததே இல்லை. பார்த்தேன்: 7,200. காட்டவேண்டியது 8,000-ஐ ஒட்டி.

நடந்தது இதுதான். இன்ஜின் பலத்தை பெல்ட் வழியாக டிராக்குக்கு அனுப்பும் முன் கிளட்சுக்குள் சிறு எடைத்துண்டுகள் இருக்கும். சுற்றும்போது அவை வெளியே வீசி, பெல்ட்டை மேல் கியருக்குத் தள்ளும். கீழே பலமுள்ள இன்ஜினுக்காகப் போட்ட கனமான துண்டுகள், மேலே பலமிழந்த இன்ஜினைச் சீக்கிரமே மேல் கியருக்குத் தள்ளிவிடுகின்றன. இன்ஜெக்‌ஷன் உயரத்துக்கு ஏற்பத் தானே மாறிக்கொள்ளும். கிளட்சுக்கு அந்த அறிவு கிடையாது.

சோதிக்கும் விதம்: வண்டி நன்றாகச் சூடேறட்டும். நீங்கள் வழக்கமாக ஓட்டும் பனியில், ஆளில்லாத நேரான இடத்தில், நான்கைந்து வினாடி முழு த்ராட்டில் கொடுத்து எண்ணைப் படியுங்கள். இறுகிய பனியில் பார்த்தால் எண் ஏமாற்றும். உங்கள் மாடல் கையேட்டில் உயரவாரியாக அட்டவணை இருக்கும், அதில் சொன்ன எண்ணுக்குக் கீழே இருந்தால் லேசான துண்டுகள் வேண்டும். முழு செட்டாக மாற்றுங்கள். ஒன்றில் ஒரு கிராம் பிசகினாலும் கிளட்ச் அதிரும்.

மாற்றிய அன்று மதியம் அதே மேட்டில் ஏறினேன். முதல்முறையாக த்ராட்டிலைக் குறைக்க வேண்டியிருந்தது.

படி 4: டர்போ ஆசை

ஸ்கி-டூ 2020 மாடலில் தொழிற்சாலையிலேயே பொருத்திய டர்போவோடு (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி) 850 விட்டது. 8,000 அடிவரை 165 எச்.பி. குறையாமல் நிற்கும் என்பதுதான் அதன் பேச்சு. இன்னொரு தயாரிப்பாளரான பொலாரிஸ் 2022 மாடலில் பேட்ரியட் பூஸ்ட் என்ற தன் டர்போ இன்ஜினோடு வந்தது. இரண்டுமே நல்ல பொருள்தான், ஆனால் முதல் வண்டிக்கு வேண்டாம். அந்தக் கூடுதல் பணத்தில் பனிச்சரிவு பீக்கன் (புதைந்தவரைக் கண்டுபிடிக்க சிக்னல் அனுப்பும் கருவி), புரோப் (பனிக்குள் குத்தித் தேடும் நீளக் கம்பி), மண்வாரி மூன்றையும் வாங்குங்கள், ஒரு பனிச்சரிவுப் பாதுகாப்பு வகுப்புக்கும் போய்வாருங்கள். கொலராடோ பனிச்சரிவுத் தகவல் மையம் தினமும் அறிக்கை போடுகிறது. நான் காபி போடுவதற்கு முன் அதைத்தான் திறக்கிறேன்.

பிறகு சேர்த்தது: துண்டு மாற்றியும் ஆர்.பி.எம். ஏறவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். பெல்ட்டின் அகலத்தை வெர்னியரால் அளக்கச் சொன்னேன்; தேய்ந்து கையேட்டு அளவுக்குக் கீழே போயிருந்தது. புது பெல்ட் போட்டதும் சரியானது.

இன்னொன்று: லேசான துண்டோடு வண்டியைக் கீழே ஐயாயிரம் அடிக்குக் கொண்டுபோய் ஓட்டிய நண்பருக்கு ஆர்.பி.எம். எல்லை தாண்டி இன்ஜின் அலறியிருக்கிறது. கழற்றிய பழைய துண்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உயரத்தை மார்க்கரால் எழுதிய சிறு டப்பாவில் என்னுடையவை வண்டியின் டூல் பையிலேயே இருக்கின்றன.