பொங்கலுக்கு ஸ்க்ரூ, ஆடிக்குப் பல்: சேலத்தில் இம்பிளான்ட் வைக்க வருவோருக்கு

மூன்று வார லீவில் சேலம் வந்து, போன கடைவாய்ப் பல்லுக்கு இம்பிளான்ட் வைத்து, முறுக்கு கடிக்கும் வாயோடு திரும்ப ஃப்ளைட் ஏறிவிடலாம் என்று நினைத்துத்தான் மெல்பர்னிலிருந்து நானும் வந்தேன். நடக்கவில்லை. ஸ்க்ரூவோடும் ஓட்டைப் பல் வரிசையோடும்தான் திரும்பினேன். பல் வந்தது அடுத்த பயணத்தில்.

காரணம் எளிது. தாடை எலும்பில் சிறு துளையிட்டு டைட்டானியம் ஸ்க்ரூவை நடுகிறார்கள். எலும்பு அதைச் சுற்றி வளர்ந்து இறுகப் பிடித்த பிறகே மேலே பல் மாட்டலாம். டைட்டானியத்தை எலும்பு இப்படிப் பிடித்துக்கொள்வதை 1952இல் முயலின் காலெலும்பில் கண்டவர் சுவீடனின் பிரனேமார்க்; 1965இல் மனிதருக்கு வைத்தார். கீழ்த்தாடைக்கு மூன்று மாதம், மேல்தாடைக்கு ஆறு மாதம் என்று காத்திருக்கச் சொன்னதும் அவர்தான். இன்று சிலருக்கு இன்னும் சீக்கிரம் முடிகிறது. ஆனாலும் தை மாதம் நட்டு ஆடியில் பல் மாட்டுவது என்று இரண்டு பயணமாகப் போட்டுக்கொள்வதுதான் நிம்மதி.

‘மூன்றே நாளில் பல்’ என்ற விளம்பரங்களையும் பார்ப்பீர்கள். முழுப் பொய்யில்லை, எலும்பு கெட்டியாக இருக்கும் சிலருக்கு உடனே பல் மாட்டுவதுண்டு. ஆனால் நீங்கள் ஊர் திரும்பிய பிறகு அது ஆட ஆரம்பித்தால் யாரிடம் போவீர்கள்? அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் நான் உட்காரமாட்டேன்.

கிளம்பும் முன்பே அங்கேயே ஒரு எக்ஸ்ரே எடுத்து, சேலத்து டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கேளுங்கள். பல்லைப் பிடுங்கி வருடக்கணக்கில் ஆகியிருந்தால் எலும்பு தேய்ந்திருக்கும்; எலும்புத்தூள் வைக்க வேண்டும் என்றால் இன்னும் சில மாதம் கூடும். சர்க்கரை இருந்தால் மூன்று மாதச் சராசரி ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுவாருங்கள். எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ போடுபவர்கள் அதை மறக்காமல் சொல்ல வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைத் தாங்களாக நிறுத்தக் கூடாது. சிகரெட், பாக்கு இரண்டுமே எதிரி.

டாக்டர் யார் என்பதற்கு போர்டைப் பார்க்காதீர்கள். தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சில் பதிவு எண், பிடிஎஸ்ஸுக்கு மேல் எம்டிஎஸ் எதில் என்று கேளுங்கள். செயற்கைப் பல், ஈறு, முக அறுவை ஆகிய மூன்று துறையினரும் இதைச் செய்கிறார்கள். எத்தனை வருடமாகச் செய்கிறீர்கள் என்று கேட்டால் நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ளமாட்டார். அப்புறம் பணம். ‘ஒரு பல்லுக்கு இவ்வளவு’ என்று சொல்வது பல இடங்களில் ஸ்க்ரூவுக்கு மட்டும்தான். நடுவில் வரும் இணைப்பு, மேலே வரும் கேப், தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன், எலும்புத்தூள் எல்லாம் சேர்த்தா தனியா என்று எழுதி வாங்குங்கள்.

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைப்பேன் என்றால், அது ஸ்டிக்கராக இருக்கட்டும். ஒவ்வொரு இம்பிளான்ட் டப்பாவிலும் கம்பெனி, மாடல், விட்டம், நீளம், லாட் எண் அச்சிட்ட ஸ்டிக்கர் வரும். அதை உங்கள் அட்டையில் ஒட்டித் தர வேண்டும். எனக்கு முதல் முறை செய்த இடத்தில் தரவில்லை; எனக்கும் கேட்கத் தெரியவில்லை. இரண்டு வருடம் கழித்து கேப் லேசாக ஆடியது. உள்ளே ஒரு சின்ன ஆணியை முடுக்கினால் போதும், பத்து நிமிட வேலை. ஆனால் ஒவ்வொரு கம்பெனிக்கும் முடுக்கி வேறு. மெல்பர்ன் டாக்டர் எக்ஸ்ரேயை வைத்து எந்தக் கம்பெனி என்று துப்பறிய வேண்டியதாயிற்று. அதற்கும் பில் போட்டார். ஸ்ட்ராமன், நோபல் பயோகேர், ஆஸ்டெம் போன்று வெளிநாட்டிலும் புழங்கும் கம்பெனியாகக் கேட்டு வாங்கினால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

நடும் நாளைப் பற்றி ரொம்பப் பயப்பட வேண்டாம். மரத்துப்போக ஊசி போடுவார்கள். துளையிடும் அதிர்வு தெரியும், வலி தெரியாது. ஒரு பல் என்றால் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இரண்டாம் மூன்றாம் நாள்தான் வீக்கம் உச்சத்துக்குப் போகும். மறுநாளும் உதடு மரத்தே இருந்தால் காத்திருக்காமல் போன் செய்யுங்கள். தையல் பிரிக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும்; அதற்கு முன் டிக்கெட் போடாதீர்கள். மேல்தாடையில் சைனஸை (பல்லுக்கு மேலே உள்ள காற்றறையின் சவ்வை)த் தூக்கி எலும்பு வைத்திருந்தால் இரண்டு வாரம் விமானம் வேண்டாம் என்பார்கள். ஏற்காட்டுக்கும் டாக்டரைக் கேட்டே போங்கள்: இருபது கொண்டை ஊசி வளைவுகளில் 1,500 மீட்டர் உயரத்துக்கு ஏறும்போது காது அடைக்கிறதே, அதே அழுத்தம்தான்.

உண்மையான சோதனை சொந்தக்காரர் வீடுகளில். “வாய் ஏன் வீங்கியிருக்குது சாமி? ஒரே ஒரு தட்டுவடை செட்டு சாப்பிடு, ஒண்ணும் ஆகாது” என்றார் அத்தை. “பத்து நாள் போகட்டுங்க அத்தை” என்று சொல்லித் தப்பித்தேன். தயிர்சாதம், ஆறிய இட்லி, ரசம் விட்டுக் குழைத்த சோறு போதும். மாம்பழக் காலமாக இருந்தால் பாக்கியசாலி. ஜூஸை மட்டும் ஸ்ட்ரா போட்டு உறிஞ்ச வேண்டாம்.

இரண்டாம் பயணத்துக்கு இரண்டு வாரமாவது ஒதுக்குங்கள். அளவெடுத்து லேபிலிருந்து கேப் வர ஒரு வாரம் வைத்துக்கொள்ளலாம். ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழாவோடு ஊரிலுள்ள மாரியம்மன் கோயில் எல்லாவற்றிலும் பண்டிகை வரும். அந்த நாட்களில் அப்பாயின்ட்மென்ட் வைக்காதீர்கள். கேப் மாட்டியதும் கடி கொஞ்சம் உயரமாகத் தோன்றினால், பழகிவிடும் என்று விடாமல் மறுநாளே போய்த் தேய்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள். கடி சரியானது தெரிந்த பிறகு, டாக்டர் சரி என்றால், அத்தை வீட்டுப் பக்கம் போகலாம். தட்டுவடை இன்னும் பாக்கி இருக்கிறதல்லவா?