கட்சிக்காரர் சொல்வதைக் கோப்பாக்குவது எப்படி? சட்ட உதவியாளர்களுக்கு

வக்கீல் அலுவலகத்துக்கு வருகிற கட்சிக்காரர், அதாவது வழக்கை ஒப்படைப்பவர், எது அதிகம் வலிக்கிறதோ அதிலிருந்து பேசத் தொடங்குவார். நீதிமன்றத்துக்கோ எல்லாம் தேதி வரிசையில் வேண்டும். முதலாவதை இரண்டாவதாக மாற்றித் தருவதுதான் பாராலீகல் என்கிற சட்ட உதவியாளரின் முக்கிய வேலை. அது சரியாக அமைந்தால் வக்கீலின் நேரம் மிச்சம், கட்சிக்காரருக்குக் கட்டணமும் மிச்சம்.

விஷயத்தைக் கேட்பதற்கு முன் பெயர்களைக் கேளுங்கள். எதிர்த்தரப்பு யார், அவர் நிறுவனம் எது, பங்குதாரர்கள் யார் என்று குறித்துக்கொண்டு, பழைய பெயர், வேறு எழுத்துக்கூட்டல் உட்பட அலுவலகப் பதிவில் தேடிப் பாருங்கள். அந்த எதிர்த்தரப்பு ஏற்கெனவே உங்கள் கட்சிக்காரராக இருந்து, இப்போது வந்தவருடைய ரகசியங்களையும் நீங்கள் கேட்டுவிட்டால், வக்கீல் இரண்டு வழக்கிலிருந்துமே விலக வேண்டி வரலாம்.

துணைக்கு வந்த உறவினரை வெளியே உட்காரச் சொல்லுங்கள். மூன்றாம் ஆள் கூட இருந்தால், வக்கீலிடம் பேசுவதற்குரிய ரகசியப் பாதுகாப்பு பல நாடுகளில் கேள்விக்குள்ளாகும். அதோடு, அண்ணன் பக்கத்தில் இருக்கும்போது கடன் விவகாரத்தை யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். முதல் பத்து நிமிடம் குறுக்கிடாமல் கேளுங்கள். இரண்டாவது சுற்றில்தான் தேதி தேதியாகக் கேட்க வேண்டும்.

பிறகு நாள்வரிசைப் பட்டியல். அதில் நான்கு கட்டங்கள்: தேதி, நடந்தது, அதற்கான ஆவணம், நேரில் அறிந்தவர். ஒரு வரியில் ஒரே ஒரு நிகழ்ச்சி. "வீட்டுக்காரர் மிரட்டினார்" என்று எழுதினால் அது உங்கள் முடிவு. வீட்டுக்காரர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கள். ஆவணக் கட்டம் காலியாக இருக்கும் வரிகளைத் தனியாக எடுத்தால், கட்சிக்காரர் அடுத்த முறை கொண்டுவர வேண்டியவற்றின் பட்டியல் கிடைத்துவிடும்.

தேதியில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். ஒரு கடிதத்தை எடுத்துக்கொள்வோம். உள்ளே மார்ச் 12 என்று இருக்கிறது, உறையில் தபால் முத்திரை மார்ச் 15, கைக்கு வந்தது மார்ச் 19. முப்பது நாளில் பதில் என்றால், கடிதத் தேதியிலிருந்து எண்ணினால் ஏப்ரல் 11, கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணினால் ஏப்ரல் 18. எதிலிருந்து எண்ணுவது, முதல் நாளைச் சேர்ப்பதா என்பதை வக்கீல் முடிவு செய்வார். மூன்று தேதிகளையும் எழுதி, உறையையும் பத்திரப்படுத்துவது உங்கள் பொறுப்பு. வக்கீல் சொல்லும் வரை முந்தைய தேதியையே கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள். அதை இரண்டு பேருடைய நாட்காட்டியில் ஏற்றி, 14 நாள், 7 நாள், 2 நாள் முன்பாக நினைவூட்டல் வையுங்கள். ஒருவர் லீவு எடுத்த வாரத்தில் கெடு தவறிப்போனால் கட்சிக்காரர் உரிமையையே இழக்கக்கூடும்.

அசல் ஆவணத்தில் பஞ்ச் ஓட்டை போடாதீர்கள், ஸ்டேப்பிள் அடிக்காதீர்கள், பென்சிலால்கூடக் குறிக்காதீர்கள். வாங்கியதற்கு ரசீது கொடுங்கள். நகல் எடுக்கும்போது பின்பக்கத்தையும் எடுங்கள், பதிவு முத்திரையும் மேலெழுத்தும் (பிறகு எழுதிச் சேர்த்த குறிப்பு) பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். புகைப்படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பச் சொல்லாதீர்கள். படம் சுருங்குவதோடு, எடுத்த தேதி போன்ற உள்விவரங்களும் அழிந்துவிடும். போனிலிருந்து மூலக் கோப்பாகவே வாங்குங்கள்.

எழுந்து போகும்போது கட்சிக்காரர் கட்டாயம் கேட்பார்: "கேஸ் ஜெயிக்குமா?" ஆறுதலாகக்கூட "ஜெயிக்கும்" என்று சொல்லிவிடாதீர்கள். சட்ட ஆலோசனை தருவது வக்கீலின் வேலை. "இதை வக்கீல்தான் சொல்லணும், கேட்டு வைக்கிறேன்" என்று சொல்லி, கேள்வியைக் குறிப்பில் எழுதுங்கள். அடுத்த வாய்தா எப்போது, எந்தத் தாள் பாக்கி என்பதைத் தாராளமாகச் சொல்லலாம். பாராலீகல் எதுவரை செய்யலாம் என்கிற எல்லை இடத்துக்கு இடம் மாறும். கனடாவின் ஒன்டாரியோவில் உரிமம் பெற்ற பாராலீகல்கள் சிறு வழக்கு நீதிமன்றத்தில் ஆஜராகவே செய்கிறார்கள். பெரும்பாலான இடங்களில் அதற்கு அனுமதி கிடையாது.

பட்டியல் வக்கீல் மேசைக்குப் போகும் முன் கட்சிக்காரரிடம் உரக்கப் படித்துக் காட்டுங்கள். "இல்லீங்க, அது பணம் கொடுத்ததுக்கு அப்புறம்" என்று அவர் நிறுத்தும் இடத்தில், பழைய வரியை அழிக்காமல் திருத்தத்தை அன்றைய தேதியோடு பக்கத்தில் எழுதுங்கள்.