சுடோகுவில் எக்ஸ்-விங், எக்ஸ்வை-விங்: எதை அழிப்பது, எங்கே அழிப்பது?

கடினமான சுடோகு பாதியில் நின்றுவிட்டால் ஊகித்து ஓர் எண்ணைப் போடாதீர்கள். ஊகம் பிழைத்தது பத்துப் பதினைந்து கட்டம் தாண்டித்தான் தெரியவரும். அதற்குப் பிறகு எதுவரை அழிப்பது என்று பிடிபடாது.

அதற்குப் பதிலாக, வராத எண்களை அழித்துக்கொண்டு போகும் எக்ஸ்-விங், எக்ஸ்வை-விங் என்ற இரண்டு உத்திகளைப் பாருங்கள். முதலில் தாள். பத்திரிகையிலேயே செய்ய வேண்டாம். கொழும்பு ஈரப்பதனில் அந்தத் தாள் நமுத்து, இரண்டாம் தடவை அழிறப்பர் பட்டதும் கிழியும். வெள்ளவத்தைப் பக்கம் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் 200 வீதம் பெருப்பித்து எடுங்கள். 7 சென்ரிமீற்றர் புதிர் 14 ஆகும். ஒவ்வொரு கட்டமும் ஒன்றரை சென்ரிமீற்றருக்கு மேல் வரும். சிறிய குறிப்புகள் எழுத அது தாராளம். எச்.பி. பென்சில்தான் நல்லது, 2பி பூசிவிடும்.

இனி, வெற்றுக் கட்டம் ஒவ்வொன்றிலும் வரக்கூடிய எண்கள் எல்லாவற்றையும் எழுதுங்கள். எல்லாவற்றையும். கீழே வரும் உத்திகள் பிழைப்பதற்குப் பெரும்பாலும் காரணம், விடுபட்ட ஒரு குறிப்புத்தான். ஒரு பெட்டிக்குள் (மூன்றுக்கு மூன்று கட்டங்கள்) 4 ஒரே நிரையில் (கிடைவரிசையில்) மட்டும் வருமானால், அந்த நிரையின் மற்றப் பெட்டிகளில் 4ஐ அழிப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதை முடித்துவிட்டு வாருங்கள்.

எக்ஸ்-விங். கட்டங்களை (நிரை, நிரல்) என்று குறிக்கிறேன்; நிரல் என்பது மேலிருந்து கீழாகப் போகும் வரிசை. 2ஆம் நிரையில் 7 வரக்கூடிய இடங்கள் (2,3), (2,8) இரண்டு மட்டுமே. 6ஆம் நிரையிலும் (6,3), (6,8) மட்டுமே. 2ஆம் நிரையின் 7 மூன்றாம் நிரலில் விழுந்தால் 6ஆம் நிரையின் 7 எட்டாம் நிரலுக்குப் போகும், இல்லையேல் மறுவளம். எப்படிப் பார்த்தாலும் 3ஆம், 8ஆம் நிரல்களின் 7கள் இந்த நான்கு கட்டங்களுக்குள்ளேயே முடிந்துவிடும். அந்த இரு நிரல்களிலும் மற்ற 7களை அழியுங்கள்.

சறுக்குவது இங்கேதான். செவ்வகத்தின் நான்கு மூலைகளிலும் 7 இருப்பதைக் கண்டதும் பலர் அழிக்கத் தொடங்கிவிடுவார்கள். (6,5)இலும் ஒரு 7 இருந்தால் எல்லாம் கெட்டது: 6ஆம் நிரையின் 7 அங்கே போய், 2ஆம் நிரையின் 7 (2,3)இல் நின்றால், எட்டாம் நிரல் திறந்தே கிடக்கும். நீங்கள் அழித்த (4,8)இன் 7 சரியான விடையாகவும் இருந்திருக்கலாம். ஆகவே மூலைகளைப் பார்க்காமல் நிரையை முழுதாக எண்ணுங்கள். நிரையில் எண்ணினால் நிரலில் அழிப்பு. நிரலில் எண்ணினால் நிரையில்.

தேடும்போது ஒரு நேரத்தில் ஓர் எண்ணை மட்டும் வண்ணப் பென்சிலால் வட்டமிடுங்கள். போன் செயலியென்றால், ஓர் எண்ணைத் தொட்டதும் அந்த எண்கள் எல்லாம் ஒளிரும் வசதி உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். உதவிக் குறிப்புப் பொத்தானை அணைத்துவிடுங்கள், அது கண்ணைப் பழக விடாது. மூன்று நிரை, மூன்று நிரலில் இதே கணக்கு வந்தால் அது ஸ்வோர்ட்ஃபிஷ். அங்கே ஒரு நிரையில் இரண்டு இடம் மட்டும் இருந்தாலும் செல்லும்.

எக்ஸ்வை-விங். எனக்கு மிகவும் பிடித்த உத்தி இதுதான். எக்ஸ்-விங் கிடைக்காத புதிரைப் பல தடவை இது திறக்கும். இரண்டே குறிப்புள்ள கட்டங்களை மட்டும் பாருங்கள். (5,5)இல் 2, 6. அதே நிரையில் (5,9)இல் 2, 8. அதே பெட்டியில் (4,4)இல் 6, 8. நடுக்கட்டமான (5,5) 2 ஆனால் (5,9) 8 ஆகும். 6 ஆனால் (4,4) 8 ஆகும். இரண்டில் ஒன்று கட்டாயம் 8. இந்த இரண்டு கட்டங்களும்தான் சிறகுகள். எனவே இரண்டு சிறகுகளோடும் ஒரே நிரையிலோ நிரலிலோ பெட்டியிலோ அகப்படும் கட்டங்களில் 8 வராது: (4,7), (4,8), (4,9), (5,4), (5,6). கடைசி இரண்டையும் கவனிக்காமல் விடுவோர் அதிகம். சிறகுகள் ஒன்றையொன்று பார்க்கத் தேவையில்லை, அதாவது ஒரே நிரை, நிரல், பெட்டியில் இருக்க வேண்டியதில்லை. அழிக்கும் எண் நடுக்கட்டத்தில் இருக்கவே கூடாது.

ஒரு குறிப்பு அழிந்ததும் அடுத்த உத்திக்குத் தாவாமல், அந்தப் பெட்டி, நிரை, நிரல் மூன்றையும் எளிய முறையில் மறுபடி பாருங்கள்.