அஞ்சலி முடிந்த பிறகு நாங்கள் செய்தது

பணியில் உயிரிழந்த என் காவலர் நண்பரின் குடும்பத்துக்கு உதவ நிறையப் பேர் முன்வந்தார்கள். ஆனால் ஆளாளுக்கு ஃபோன் செய்து ஒரே கேள்வியைக் கேட்டதில் அவர் மனைவி களைத்துப்போனார். எந்தப் படிவம் யாரிடம் இருக்கிறது என்றே தெரியவில்லை.

காவல் துறையோடு பேச ஒரே ஆள் போதும் என்று முடிவு செய்தோம். நண்பரின் மனைவி கேட்டுக்கொண்டதால் அந்தப் பொறுப்பை நானே ஏற்றேன். இறப்புச் சான்றிதழ் நகல்கள், திருமணச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, பணி ஆவணங்கள் எல்லாம் ஒரே ஃபைலில். குடும்ப ஓய்வூதியம், காப்பீடு, இழப்பீடு எல்லாமே தனித்தனி விண்ணப்பங்கள். ஒன்றைக் கொடுத்தால் மற்றது தானாக வராது. ஒவ்வொன்றின் கடைசித் தேதியையும், யாரிடம் எந்த நாளில் பேசினோம் என்பதையும் குறித்து வைத்தேன். அப்புறம்தான் வேலை நகர்ந்தது.

இந்தியாவில் அக்டோபர் 21 காவலர் வீரவணக்க நாள். 1959-ல் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸில் சீனப் படையின் தாக்குதலில் 10 காவலர்கள் உயிரிழந்ததன் நினைவு. அமெரிக்காவில் இதே போன்ற நாள் மே 15. 1962-ல் அதிபர் கென்னடி அறிவித்தது. அந்த மாதிரி நாட்களில் உயிரிழந்தவர்களை எல்லோரும் நினைப்பார்கள். பிள்ளைகளின் பிறந்தநாள், தேர்வு நாள்? அந்தத் தேதிகளை நண்பர்களுக்குள் பிரித்துக்கொண்டோம். அவர்கள் வீட்டுக்குப் போகும்போது நண்பரின் பெயரைத் தயங்காமல் சொல்லிப் பேசுகிறோம். பிள்ளைகள் அதைத்தான் ஆவலோடு கேட்கிறார்கள்.

ஒன்று முக்கியம்: அஞ்சலி மேடைக்கு அழைக்கும் முன் குடும்பத்திடம் கேட்டுவிடுங்கள். கூட்டத்தின் நடுவே நிற்க விரும்பாதவர்களும் உண்டு.