இடது கையில் கத்தரி வெட்ட மாட்டேன் என்கிறதா?

சேலம் கடைவீதியில் வாங்கிய புதுக் கத்தரி, இடது கையில் பிடித்தால் துணியை வெட்டாமல் மடித்துக் கடிக்கிறதா? சாணை பிடிக்கிறவரிடம் ஓடாதீர்கள், கூர்மையில் குறையில்லை. வலது கையின் இயல்பான அழுத்தத்தில் இரண்டு அலகும் ஒட்டி உரசும். இடது கையில் அதே அழுத்தம் அவற்றைப் பிரித்துவிடுகிறது. கட்டைவிரலை உள்ளங்கைப் பக்கம் இழுத்து, மற்ற விரல்களை வெளியே தள்ளி வெட்டுங்கள். கத்தரியைத் தலைகீழாகத் திருப்பிப் பயனில்லை.

அவசரத்துக்கு இது சரி. தினமும் தைப்பவருக்கு விரல் நொந்துவிடும், இடக்கைக் கத்தரியே வாங்குங்கள். பிடி மட்டும் மாறியிருந்தால் போதாது. இடப்பக்க அலகு மேலே இருக்க வேண்டும். கடையிலேயே ஒரு துண்டுத் துணியை வெட்டிப் பாருங்கள். அப்புறம், காசை மட்டும் வலது கையில் நீட்டுங்கள். கடைக்காரர் முகம் சுளிக்காமல் இருப்பார்.