பேட்டரிக் கசிவால் முடங்கிய கல்வி விளையாட்டுக் கருவி: என் அனுபவம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்டத்து வீட்டைக் காலி செய்து தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டிற்கு மாறியபோது, என் மகள் ஐந்து வயதில் எழுத்துகளையும் எண்களையும் பழகிய கையடக்க விளையாட்டுக் கருவி பழைய பெட்டி ஒன்றிலிருந்து வெளிப்பட்டது. 2003-இல் லீப்ஸ்டரும் 2004-இல் வி.ஸ்மைலும் ஆகிய சிறுவர் கல்வி விளையாட்டுக் கருவிகள் சந்தைக்கு வந்த காலத்தைச் சேர்ந்த, காட்ரிட்ஜ் (விளையாட்டு பதிந்த சிறு பெட்டி) செருகி விளையாடும் வகை அது. பேரன் எத்தனை முறை விசையை அழுத்தியும் திரை ஒளிரவில்லை.

பின்மூடியைத் திறந்தபோது, பேட்டரிகள் கசிந்து, சுருள்கம்பிகளில் வெண்பொடியும் பச்சைக் களிம்பும் படிந்திருந்தன. பேட்டரியைக் கழற்றாமல் ஆண்டுக்கணக்கில் போட்டுவைத்தது என் தவறே. அல்கலைன் பேட்டரியிலிருந்து வழிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் காரம் என்பதால், பேரனைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, கையுறை அணிந்து, வினிகரில் தோய்த்த காதுப் பஞ்சினால் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தேன். வெண்பொடி சிறு நுரையெழுப்பிக் கரைந்தது. பச்சைக் களிம்பு மட்டும் எளிதில் விடவில்லை. அதை உப்புத்தாளால் மெல்லச் சுரண்ட வேண்டியிருந்தது. பின்னர் ஈரப்பஞ்சினால் வினிகரைத் துடைத்தெடுத்து, மின்விசிறியின் கீழ் ஓர் இரவு உலரவிட்டேன்.

மறுநாள் புதிய பேட்டரிகளை இட்டதும் திரை ஒளிர்ந்தது. ஆனால் விளையாட்டு தொடங்கவில்லை. காட்ரிட்ஜின் தொடுமுனைகள் கறுத்திருந்தன. அந்நாளில் நாங்கள் வாயால் ஊதியே செருகுவோம். எச்சில் ஈரம் உலோகத்தை அரிக்கும் என்பதை அப்போது யார் யோசித்தார்கள்? மருந்துக்கடையில் வாங்கிய ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, உலர்ந்தபின் செருகியதும் பழைய இசை ஒலித்தது.

பேரன் திரையை விரலால் இருமுறை தள்ளிப் பார்த்துவிட்டு, “ஏன் தாத்தா, இது நகரவே இல்லை?” என்று கேட்டான்.